மார்க்கமும் உலகமும் மோதிக்கொள்வது கால அட்டவணையில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்லாமியப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கின்றன. மார்க்கத்தைக் குறைத்து உலகக் கல்வியைக் கூட்டுங்கள் என்கிறது ஒன்று. உலகக் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கிறது, மார்க்கத்தைக் கூட்டுங்கள் என்கிறது மற்றொன்று. இரண்டு தரப்பிலும் பலர் ஒரு பள்ளியின் கால அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. உலகத் தரம், உள்ளூர் வாழ்க்கை, மார்க்கம் ஆகிய மூன்றும் உரசிக்கொள்ளும் இடங்கள் மிகச் சாதாரணமானவை: வாரத்துக்கு எத்தனை பாடவேளை, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த முடிவை யார் எடுப்பது. இந்த மூன்றையும் ஒழுங்கு செய்யாத பள்ளி, வாசலில் எவ்வளவு அழகான குறிக்கோளை எழுதி வைத்தாலும் பயனில்லை.

மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று கோடு கிழித்தது அவ்வளவு பழைய வழக்கமல்ல. 18-ம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபரங்கி மஹாலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த தர்ஸே நிஜாமி பாடமுறையில் தர்க்கமும் தத்துவமும் கணிதமும் கணிசமான இடம் பிடித்திருந்தன. 1977-ல் மக்காவில் கூடிய முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாடு, பிளந்துபோன இந்த இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும் என்றது. ஆனால் மாநாட்டுத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பாடவேளையில் யார் எந்த வகுப்புக்குப் போவது என்று முடிவு செய்ய முடியாது. அந்த வகையில் இந்தோனேசியா செய்தது உருப்படியான காரியம். 1975-ல் மூன்று அமைச்சர்கள் கூட்டாகப் பிறப்பித்த ஆணை, மதரஸாவில் மார்க்கப் பாடம் குறைந்தது 30 சதவீதம், எஞ்சியது பொதுப்பாடம் என்று எண்ணால் பேசியது. அதற்கு ஈடாக மதரஸா சான்றிதழுக்குப் பொதுப்பள்ளிச் சான்றிதழின் மதிப்புக் கிடைத்தது. பிள்ளைகள் இங்கிருந்து அங்கே மாறவும் வழி திறந்தது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தபின், மதரஸா மாணவர்களும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை எட்டவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பள்ளியின் பாடு. எண்ணைச் சொல்லும் முறையில் பள்ளிக்குக் குழப்பம் குறைவு. தேர்வைச் சொல்லும் முறையில் சுதந்திரம் அதிகம், நெருக்கடியும் அதிகம்.

சரி, கணக்குக்கு வருவோம். நாளுக்கு 8 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். மொத்தம் 40. தாய்மொழி 6, ஆங்கிலம் 6, கணிதம் 7, அறிவியல் 6, சமூக அறிவியல் 5, உடற்கல்வி 2, ஓவியம், கணினி, நூலகம் தலா 1 என்று போட்டால் 35 போய்விடும். மிச்சம் 5. மார்க்கப் பக்கத்தில் ஒரு பள்ளி கேட்பது குர்ஆன் ஓதுதல் 5, அரபி 3, ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) 2, சீறாவும் (நபிகளாரின் வரலாறு) அக்லாக்கும் (நல்லொழுக்கம்) 2, ஆக 12. பற்றாக்குறை 7 பாடவேளை, அதாவது 280 நிமிடம். இந்த 280 நிமிடத்துக்கு நிர்வாகங்கள் வழக்கமாகக் கையாளும் வழி இரண்டு. பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டுவது ஒன்று. உடற்கல்வியையும் நூலகத்தையும் ஓவியத்தையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது இன்னொன்று. முதல் வழியில் பிள்ளை களைத்துப்போய்க் கடைசி இரண்டு பாடவேளையில் எதுவும் ஏறாது. இரண்டாம் வழியில், அட்டவணைத் தாளில் உடற்கல்வி இருக்கும், மைதானத்தில் இருக்காது.

வேறு விதமாகவும் செய்யலாம். பள்ளியை 20 நிமிடம் மட்டும் முன்னதாகத் தொடங்கி, அந்த 20 நிமிடத்தில் எல்லா வகுப்பும் குர்ஆன் ஓதினால் வாரத்துக்கு 100 நிமிடம் கிடைக்கும். சீறாவின் பெரும்பகுதியை வரலாற்றுப் பாடத்தோடும், அக்லாக்கைத் தாய்மொழிக் கட்டுரை வகுப்போடும் சேர்த்தால் 80 நிமிடம் மிஞ்சும். அரபியை மொழியாகக் கற்பிப்பதை 1-ம் வகுப்பில் தொடங்காமல் 3-ம் வகுப்புக்குத் தள்ளினால் கீழ் வகுப்புகளில் 120 நிமிடம். கூட்டினால் 300. 3-ம் வகுப்புக்கு வரும்போது பிள்ளை சரளமாக ஓதத் தொடங்கியிருக்கும்; ஓதும் வேளையைக் குறைத்து அதை அரபிக்குக் கொடுத்துவிடலாம். அரபியை ஏன் தள்ளவேண்டும் என்று கோபப்படுவார்கள். 5 வயதுப் பிள்ளை தாய்மொழி எழுத்து, ஆங்கில எழுத்து, வலமிருந்து இடமாகப் போகும் அரபி எழுத்து மூன்றையும் ஒரே மாதத்தில் பார்த்தால் மூன்றும் குழம்பும். தாய்மொழி எழுத்து முதலில் நிலைக்கட்டும்; ஒரு பருவம் கழித்துக் குர்ஆன் எழுத்து வரட்டும். இலக்கணமும் சொல்லும் பிறகுதான்.

இனி ஹிஃப்ளு, அதாவது குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தல். பள்ளிகள் அதிகம் விளம்பரம் செய்வதும் இதைத்தான், அதிகம் சறுக்குவதும் இதில்தான். மதீனா முஸ்ஹஃபில், அதாவது மதீனா அச்சுப் பிரதியில், குர்ஆன் 604 பக்கம். ஆண்டுக்கு 200 வேலைநாள், நாளுக்கு அரைப் பக்கம் மனனம் என்றால் ஆண்டுக்கு 100 பக்கம். முடிக்க 6 ஆண்டு. நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 3 ஆண்டு. புதுப்பாடத்தின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் மனனத்துக்கு மூன்று கால்: புதிய ஸபக் (அன்றைய புதுப்பாடம்), அண்மையில் பாடமானதைத் திரும்ப ஒப்பித்தல், பழைய ஜுஸ்உகளின் (குர்ஆனின் 30 பாகங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஜுஸ்உ) தவ்ர், அதாவது மீள் ஓதல். ஒரு ஜுஸ்உவை ஓதிமுடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 ஜுஸ்உ மனனமான பிள்ளை நாளுக்கு ஒன்று வீதம் தவ்ர் ஓதினாலும் முதல் ஜுஸ்உ மறுபடி நாக்கில் வர 20 நாள் ஆகிறது. மூன்றையும் சேர்த்தால் நாளுக்கு 100 நிமிடத்துக்குக் குறையாது. இதை 40 நிமிடப் பாடவேளைக்குள் அடக்கப் பார்க்கும் பள்ளி தவ்ரைத்தான் வெட்டும், ஏனென்றால் புதுப்பாடத்தின் எண்ணிக்கையைத்தான் பெற்றோரிடம் காட்ட முடியும். விளைவு: பட்டமளிப்பு விழாவில் தலைப்பாகை கட்டிய பிள்ளைக்கு இரண்டாண்டில் பாதி மறந்துபோகிறது. மறந்த பாரத்தையும் குற்றவுணர்ச்சியையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஹாஃபிழ், அதாவது குர்ஆனை மனனம் செய்து முடித்து அதைக் கற்பிப்பவர், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால் 12 பேருக்கு 2 மணி நேரம். ஓர் உஸ்தாதிடம் (மார்க்க ஆசிரியரிடம்) 30 பேரை உட்காரவைத்தால் ஆளுக்கு 4 நிமிடம். தஜ்வீத் (ஓதும் உச்சரிப்பு முறை) பிழையைத் திருத்தவே நேரம் போதாது. அந்த இடத்தில்தான் பிரம்பு வருகிறது. அடி பெரும்பாலும் குணக்கேட்டால் மட்டும் வருவதில்லை, எண்ணிக்கையாலும் வருகிறது. அதற்காக அதை மன்னிக்க முடியாது. ஹிஃப்ளு வகுப்பின் கதவில் கண்ணாடி வேண்டும், பிள்ளையோடு தனியறையில் ஒரே ஒரு பெரியவர் இருக்கக்கூடாது, புகார் வாங்குபவர் நிர்வாகக் குழுவுக்கு வெளியே இருக்கவேண்டும். இம்மூன்றையும் ஏற்காத பள்ளி ஹிஃப்ளுப் பிரிவு நடத்தத் தகுதியற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து. சிறு விஷயம் போலத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: பிள்ளை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அச்சு முஸ்ஹஃபையே வைத்திருக்கவேண்டும். வசனம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் மனனத்தின் பகுதி. 13 வரி முஸ்ஹஃபில் தொடங்கி 15 வரிக்கு மாறினால் அந்தப் பிடிமானம் நழுவும்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு அட்டவணையில் 20 நிமிடம் ஒதுக்குவார்கள். 400 மாணவர், 20 குழாய், ஒளுச் செய்ய (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவ) ஆளுக்கு 2 நிமிடம் என்றால் ஒளுவுக்கே 40 நிமிடம். அடுத்த பாடவேளை தினமும் அரைகுறையாகத் தொடங்குவது ஏன் என்று ஆசிரியர் கூட்டத்தில் மாதக்கணக்கில் பேசுவார்கள். குழாயை யாரும் எண்ணமாட்டார்கள். லுஹரின் நேரம் பிற்பகல் அஸர் தொழுகை வரை நீளுகிறது, ஆகவே இரண்டு ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) வைப்பதில் தடையில்லை. 10 பேருக்கு ஒரு குழாய் என்ற அளவும் வேண்டும். 7 வயதுக்கு உட்பட்டவர்களை வாரம் இரண்டு நாள் மட்டும், பழகுவதற்காக அழைத்துவந்தால் போதும். குழாய் அழுத்தினால் சற்று நேரம் ஓடித் தானே நிற்பதாக இருக்கட்டும். நபிகளார் ஒரு முத் என்ற பழைய அளவு, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டருக்கும் குறைந்த தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. திறந்துவிட்ட குழாயில் ஒரு பிள்ளை எவ்வளவு செலவழிக்கிறது என்று அறிவியல் வகுப்பில் வாளி வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் கல்வி, மார்க்கம், அளவியல் மூன்றும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகக் கடைசிப் பாடவேளைகள் வெட்டுப்படும். அந்த இடத்தில் ஆண்டு முழுதும் ஒரே பாடம் இருந்தால் அந்தப் பாடம் மட்டும் பின்தங்கும். பருவத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. வரும் ஆண்டுகளில் அது ஜனவரி, பிப்ரவரியில் வரும். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என ஒரே ஆண்டில் இருமுறை தொடங்கும். ஆகவே 5 ஆண்டு நாட்காட்டி ஒன்றைப் போட்டு, எந்தப் பொதுத்தேர்வு நோன்பில் விழும் என்று இப்போதே குறித்துவைக்கலாம். பிறை ஒரு நாள் முன்பின்னாகும் என்பதால் பெருநாளுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு நாள் தேர்வில்லாமல் விடவேண்டும். நோன்பு மாதத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து பிள்ளை தூங்கவே தாமதமாகும்; பள்ளியைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கி, கணிதத்தைக் காலையில் வைத்து, ஓட்டப்பந்தயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் போதுமானது.

பாடங்களை இணைப்பது என்றால் அறிவியல் புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே ஒரு வசனத்தை ஒட்டுவது என்று பல பள்ளிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் அறிவியலும் வளராது, வசனத்துக்கும் மரியாதையில்லை. இணைப்பு இருக்கவேண்டியது கணக்கின் உள்ளே. 9-ம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் கணிசமான பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள். பின்னங்கள் நடத்தும்போது இதைக் கொடுங்கள்: இறந்த பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசு. கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. கூட்டினால் 7/6 வருகிறது. சொத்து ஒன்றுதான், பங்கு ஒன்றைத் தாண்டிவிட்டது. என்ன செய்வது? கலீஃபா உமர் காலத்தில் எழுந்த சிக்கல் இது. பகுதியை 6-லிருந்து 7 ஆக்கி, கணவருக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7 என்று எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பது சுன்னி சட்டம் கண்ட தீர்வு. ஒரு வகுப்பு இதை அரை மணி நேரம் விவாதித்தால் பொதுப் பகுதி என்றால் என்னவென்று மறக்கவே மறக்காது. முக்கோணவியலுக்கு அஸர் நேரம் இருக்கிறது: நண்பகல் நிழலுக்கு மேல் பொருளின் உயரம் அளவு நிழல் நீண்டால் ஷாஃபிஈ சட்டப்பள்ளியின் கணக்கு, இரு மடங்கு நீண்டால் ஹனஃபி சட்டப்பள்ளியின் கணக்கு. ஒரு குச்சியும் அளவுநாடாவும் போதும்.

மோதும் பாடங்களை மறைக்கக்கூடாது. பரிணாமம், இனப்பெருக்கம், இசை, உருவ ஓவியம், கூட்டு வட்டி ஆகியவை எல்லாப் பள்ளிகளிலும் வரும். காலையில் அறிவியல் ஆசிரியர் பரிணாமத்தை நடத்த, அடுத்த வேளையில் உஸ்தாத் வந்து அதெல்லாம் பொய் என்று ஒரு வரியில் தள்ளினால், தேர்வில் ஒன்று எழுது, மனத்தில் ஒன்று வை என்ற பழக்கம்தான் பிள்ளைக்குக் கிடைக்கிறது. இரட்டை வாழ்க்கைக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் இரு ஆசிரியர்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த வாரத்தில் எந்தப் பாடம் வருகிறது, யார் எதுவரை பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். அறிவியல் வகுப்பில் அறிவியலும் அதன் சான்றுகளும் முழுமையாக நடக்கட்டும். ஆதம் நபியின் படைப்பு பற்றிய நம்பிக்கையை உஸ்தாத் தன் வகுப்பில் சொல்லட்டும், அறிவியலைக் கேலி செய்யாமல். கூட்டு வட்டியைக் கணக்கு வகுப்பில் பிழையில்லாமல் போடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ரிபா (வட்டி) ஏன் தடுக்கப்பட்டது என்று ஃபிக்ஹு வகுப்பில் உறைக்கும்.

இதெல்லாம் நடக்க உஸ்தாதுக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் ஒரே மேசையில் இடம் வேண்டும். பல பள்ளிகளில் உஸ்தாதின் சம்பளம் மிகக் குறைவு, ஊதிய அட்டவணையே இல்லை, ஆசிரியர் கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. மார்க்கத்தை முதன்மையாக்குகிறோம் என்று சொல்லும் பள்ளி அதைக் கற்பிப்பவருக்கு எல்லோரிலும் குறைவாகக் கொடுப்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா? ஒரே ஊதிய ஏணி, ஒரே விடுப்பு விதி. கூடவே, மதரஸாவில் ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டம் பெற்றவர் 30 பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்தப் பழகியிருக்க மாட்டார்; முதலாண்டு அவருக்கு மூத்த ஆசிரியர் ஒருவரைத் துணைவைத்து, பாடக்குறிப்பு எழுதுதல், வகுப்பைக் கட்டுக்குள் வைத்தல், பிள்ளைப் பாதுகாப்பு மூன்றிலும் பயிற்சி தரவேண்டும்.

தலைமை இரண்டாகப் பிரிவது இன்னொரு நோய். தலைமையாசிரியர் ஒரு பக்கம், மார்க்கப் பிரிவின் நாஜிர் (பொறுப்பாளர்) ஒரு பக்கம், இருவருக்கும் மேலே நிர்வாகக் குழு. ஆண்டு விழாவில் பாட்டு உண்டா இல்லையா என்பதை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் பெற்றோர் யாரிடம் போவார்கள்? பொறுப்பு ஒருவரிடம், தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். நாஜிர் அவருக்கு அடுத்த துணைத்தலைவர். குழு ஆண்டுத் திட்டத்தையும் வரவுசெலவையும் பார்க்கட்டும், வகுப்பறைக்குள் கை நீட்டவேண்டாம். எந்த மத்ஹப் (சட்டப்பள்ளி) படி ஃபிக்ஹு நடக்கும், மாற்று மத்ஹப் பிள்ளைகள் எப்படித் தொழுவார்கள் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் வைப்பது நல்லது.

உள்ளூர் என்பது சட்டத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இருபாலரும் படித்த ஓர் இஸ்லாமியப் பள்ளி, 9 வயது முதல் ஆண்களையும் பெண்களையும் வகுப்பு, இடைவேளை, சுற்றுலா அனைத்திலும் முழுக்கப் பிரித்துவைத்தது. இரு பாலரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம் என்று வாதாடியும், அது 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படிக்கட்டுக் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது செலவு குறைவு. பிற சமய ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும்போது உடை பற்றி என்ன எதிர்பார்ப்பு, தொழுகையில் கலந்துகொள்ளத் தேவையில்லை, அவர்கள் பண்டிகைக்கு விடுப்பு உண்டு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரவேண்டும். பிற சமய மாணவர் இருந்தால் மார்க்க வேளையில் அவர்களைக் கடைசி பெஞ்சில் சும்மா உட்காரவைக்காமல், ஆசிரியரோடு கூடிய நன்னெறி வகுப்புத் தரவேண்டும். அக்கம்பக்கத்தாரை ஆண்டுக்கு ஒருநாள் விருந்துக்கு அழைத்தால் மட்டும் உறவு வளராது. பொதுப்பள்ளிகளோடு விளையாட்டுப் போட்டி, அறிவியல் கண்காட்சி என்று பருவத்துக்கு ஒன்றாவது நடக்கவேண்டும்.

தொழுத கணக்கை மதிப்பெண் அட்டையில் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அக்லாக்குக்கு 100-க்கு 92 என்பதும் அப்படித்தான். மதிப்பெண்ணுக்காகத் தொழும் பிள்ளை விடுமுறையில் தொழாது.

கடைசியாகப் பணம். ஜகாத் (மார்க்கம் கட்டாயமாக்கிய தர்மம்) வாங்கும் பள்ளிகள் அதைப் பொதுக் கணக்கில் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. குர்ஆன் 9:60 சொல்லும் 8 வகையினருக்கே ஜகாத் உரியது. பெரும்பான்மை அறிஞர் கருத்துப்படி அதைக் கட்டடத்துக்கோ ஆசிரியர் சம்பளத்துக்கோ நேராகச் செலவிடக்கூடாது. ஏழை மாணவரின் குடும்பத்துக்கு உரிமையாகக் கொடுத்து, அவர்கள் அதைக் கட்டணமாகச் செலுத்தலாம். இதற்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, பெறுபவர் கையெழுத்து, ஆண்டுத் தணிக்கை வேண்டும். கட்டடத்துக்கு வக்ஃபும் (அறக்கொடைச் சொத்து) பொது நன்கொடையும். சலுகை பெறும் பிள்ளையின் பெயர் அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. வகுப்பில் கட்டண நிலுவைப் பட்டியல் வாசிக்கும் வழக்கம் உள்ள பள்ளியில் இது முதல் நாளே உடைந்துபோகும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நான்கைக் கேட்டு வாங்கட்டும்: வாரக் கால அட்டவணையின் நகல், ஒரு ஹாஃபிழுக்கு எத்தனை மாணவர் என்ற எண், ஹிஃப்ளுப் பிள்ளைக்கு நாளுக்கு எத்தனை நிமிடம் தவ்ர் என்ற பதில், புகார் வாங்குபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். கொடுக்கத் தயங்கும் பள்ளியில் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப அவசரம் வேண்டாம்.

இப்படிக்கு,
இஸ்லாமியப் பள்ளி நிர்வாகத்தில் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர்